அப்லோட் ஆகிவிட்டது, ஆனால் ஓடவில்லை: வீடியோ ஃபைல் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா என்று வீடியோ எடிட் செய்து, யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் ஏற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. எடிட்டிங்கை விட அதிக நேரத்தைத் தின்பது போனில் வரும் ஒரே புகார்தான்: "எங்க கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுதுண்ணே, சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினா ஓட மாட்டேங்குது." விசாரித்தால், எனக்குப் போன் போடும் முன்பே அந்த ஃபைலை ஏதோ ஓர் இலவச கன்வெர்ட்டரில் இரண்டு முறை போட்டு எடுத்திருப்பார். கோளாறு அப்படியே இருக்கும். படத்தின் தெளிவு மட்டும் போயிருக்கும்.

ஆகவே எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் கன்வெர்ட் பட்டனைத் தொடாதீர்கள். கீழே வரும் கோளாறுகள் பலவற்றுக்கு முழு கன்வெர்ட் தேவையே இல்லை.

## தூக்குச்சட்டியும் சாப்பாடும்

எம்பி4, எம்கேவி, எம்ஓவி, ஏவிஐ, வெப்எம் என்று ஃபைல் பெயரின் வாலில் வருவதெல்லாம் பாத்திரத்தின் பெயர். அடுக்குத் தூக்கு மாதிரி: ஓர் அடுக்கில் படம், இன்னோர் அடுக்கில் ஒலி, சிலவற்றில் சப்டைட்டில். அடுக்குக்குள் இருப்பது எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பதைச் சொல்வதுதான் கோடெக். படத்துக்கு எச்.264, எச்.265, விபி9, ஏவி1. ஒலிக்கு ஏஏசி, எம்பி3, ஓபஸ், ஏசி-3. ஒரே எம்பி4 பெயரில் இரண்டு ஃபைல் இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறாக இருக்கலாம். ஃபைல் பெயரில் எம்கேவி என்பதை அழித்து எம்பி4 என்று எழுதுவது தூக்கின் மேல் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டுவதுதான். உள்ளே சாம்பார் சாம்பாராகவே இருக்கும்.

பழுது பார்ப்பதும் இரண்டு வகை. உள்ளே இருப்பதைத் தொடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுவது ரீமக்ஸ். சில நொடிகளில் முடியும், தரம் துளியும் குறையாது. லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் போதும்; கட்டளை எழுதத் தெரிந்தால் எஃப்எஃப்எம்பெக். மற்றது ரீஎன்கோட், அதாவது திரும்பச் சமைப்பது. நேரம் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். அதற்கு ஹேண்ட்பிரேக் நல்லது. ஆனால் ஹேண்ட்பிரேக்குக்குப் படத்தை ரீமக்ஸ் செய்யத் தெரியாது, எதைக் கொடுத்தாலும் படத்தைத் திரும்பச் சமைத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நோயைக் கண்டுபிடிக்க மீடியாஇன்ஃபோ என்ற சின்ன இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபைலை அதன் மேல் இழுத்துப் போட்டால் உள்ளே இருப்பது எல்லாம் வரிவரியாக வரும். அதில் எச்.264 என்பது ஏவிசி என்றும், எச்.265 என்பது எச்இவிசி என்றும் எழுதியிருக்கும். பெயர்தான் வேறு, ஆள் ஒன்றே. "விஎல்சியில் ஓடுகிறதே" என்பதைச் சாட்சியாகக் கொண்டு வராதீர்கள். விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்கையெல்லாம் தன்னோடே சுமந்து வருவது. ஏறக்குறைய எதையும் ஓட்டிவிடும். உண்மையான சோதனை, அந்த ஃபைலைப் பிடித்து பிரௌசர் ஜன்னலில் போட்டுப் பார்ப்பதுதான். அங்கே ஓடினால்தான் இணையத்தில் ஓடும்.

எங்கும் ஓட வேண்டும் என்றால் நான் கொடுக்கும் கலவை ஒன்றே ஒன்று: எம்பி4 பாத்திரம், எச்.264 படம், 8 பிட், 4:2:0 வண்ணம், ஏஏசி ஒலி. (பிட் என்பது வண்ணத்தின் நுணுக்கம், 4:2:0 என்பது வண்ண விவரத்தை எவ்வளவு குறைத்துப் பதிவது என்ற கணக்கு.) எச்.264 வந்தது 2003-ல். பழைய சரக்குதான், ஆனால் இன்றைக்குக் கையில் இருக்கும் எந்த போனும் டிவியும் பிரௌசரும் அதை மறுப்பது அபூர்வம்.

## "சத்தம் வருது, படம் கருப்பா இருக்கு"

முதல் சந்தேகம் எச்.265. ஐபோன் 7-லிருந்து, 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதற்கொண்டு, கேமரா இயல்பாகவே இந்த முறையில்தான் பதிவு செய்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இந்தத் தேர்வு உண்டு. ஃபைல் அளவு கிட்டத்தட்ட பாதியாகும் என்பது லாபம். நஷ்டம், வாங்குபவரிடம் இருக்கிறது. விண்டோஸில் பல கணினிகளில் இதற்கான நீட்சியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. குரோம் 2022-ல், 107-ஆம் பதிப்பில்தான் எச்.265-ஐ ஏற்றது, அதுவும் கணினியின் சிப்பில் அந்த வசதி இருந்தால் மட்டும். பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரில் ஒலி மட்டும் கேட்கும், திரை கருப்பாக நிற்கும்.

இனிமேல் எடுப்பதற்கு: ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 4கே-யில் நொடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும் வசதி போய்விடும். காதுகுத்துக்கு அது தேவையும் இல்லை. ஏற்கெனவே எடுத்ததற்கு: ஹேண்ட்பிரேக்கில் 'ஃபாஸ்ட் 1080பி30' தேர்வைப் போட்டு எச்.264 ஆக்குங்கள்.

ஆனால் யூடியூபில் ஏற்றத்தான் போகிறீர்கள் என்றால் இந்த வேலையே வேண்டாம். யூடியூப் எச்.265-ஐ அப்படியே வாங்கிக்கொண்டு, தானே பல அளவுகளில் திரும்பச் சமைத்துக்கொள்ளும். நீங்கள் முன்கூட்டிச் சமைத்தால் இரண்டு முறை தரம் போகும், அவ்வளவுதான். நேரடியாக ஆளுக்கு ஃபைலாக அனுப்பும்போதும், சொந்த இணையதளத்தில் வைக்கும்போதும்தான் எச்.264 கட்டாயம்.

இதிலேயே தலைகீழான ஒன்று உண்டு. எச்.265 ஃபைல் விண்டோஸில் ஓடுகிறது, ஐபோனில் மட்டும் ஓடவில்லை. எச்.265-ஐ உலகத்துக்குப் பரப்பிய போனிலேயே ஓடவில்லையா என்று நான் ஒரு மாலை முழுவதும் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் நான்கு எழுத்து. எம்பி4-க்குள் எச்.265-ஐ 'எச்இவி1' என்றும் 'எச்விசி1' என்றும் இரண்டு விதமாகக் குறிக்கலாம். எஃப்எஃப்எம்பெக் வழக்கமாக முதலாவதை எழுதும். ஆப்பிள் கருவிகள் இரண்டாவதைத்தான் ஏற்கும். மீடியாஇன்ஃபோவில் 'கோடெக் ஐடி' வரியைப் பாருங்கள். எச்இவி1 என்று இருந்தால் எஃப்எஃப்எம்பெக்கில் காப்பி முறையில் (அதாவது ரீமக்ஸாக) வைத்து, வீடியோ டேகை, அந்த நான்கெழுத்துக் குறியை, எச்விசி1 என்று மாற்றினால் முடிந்தது. ரீஎன்கோட் கிடையாது, பத்து நொடி வேலை.

மூன்றாவது சந்தேகம்: எச்.264 என்றுதான் இருக்கிறது, ஆனாலும் கருப்பு. அப்போது 'பிட் டெப்த்', 'குரோமா சப்சாம்ப்ளிங்' என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். மிரர்லெஸ் கேமராக்கள் 10 பிட், 4:2:2 என்று பதிவு செய்யும். வண்ணம் திருத்த அது அருமையானது. அதை அப்படியே எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் போனும் பிரௌசரும் முழிக்கும். புகைப்படங்களை அடுக்கி எஃப்எஃப்எம்பெக்கில் ஸ்லைடுஷோ செய்பவர்களுக்கும் இதே கதி. மூலப் படம் பிஎன்ஜி என்றால் அது கேட்காமலே 4:4:4 ஆக்கிவிடும். இதற்கு ரீஎன்கோட்தான் வழி. பிக்ஸல் ஃபார்மட்டை 'ஒய்யூவி420பி' என்று கட்டாயப்படுத்துங்கள்.

## "படம் வருது, சத்தம் இல்லை"

படத்தைத் தொடாதீர்கள். ஒலி அடுக்கில் ஏசி-3, டிடிஎஸ் அல்லது பிசிஎம் இருக்கும். ஏசி-3-யும் டிடிஎஸ்-ஸும் ஹோம் தியேட்டருக்கு நல்லது, பல பிரௌசர்களுக்கு ஆகாது. எஃப்எஃப்எம்பெக்கில் படத்தைக் காப்பி என்றும், ஒலியை மட்டும் ஏஏசி என்றும் கொடுங்கள். இரண்டு மணி நேர வீடியோ சில நிமிடங்களில் வந்துவிடும்.

ஒரே காதில் மட்டும் சத்தம் வந்தால், காலர் மைக் இடப்பக்க சேனலில் மட்டும் பதிவாகியிருக்கிறது. எடிட்டிங்கில் இடது சேனலை வலதுக்கும் நிரப்பிவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

இன்னொன்று விவகாரமானது. ஹெட்போனில் சத்தம் நன்றாக இருக்கும், போன் ஸ்பீக்கரில் காணாமல் போகும். ஒரு பள்ளி ஆண்டு விழாவில் சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸரிலிருந்து நேரடியாக கேமராவுக்கு ஒயர் இழுத்திருந்தேன். எடிட்டிங்கில் ஹெட்போனில்தான் கேட்டேன். கொஞ்சம் விநோதமாக, தலைக்கு வெளியிலிருந்து வருவது போல இருந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். மறுநாள் பெற்றோர்கள் எல்லோரும் "தலைமை ஆசிரியர் வாயசைக்கிறார், பேச்சே கேட்கலை" என்கிறார்கள். மிக்ஸரிலிருந்து வருவது பேலன்ஸ்டு சிக்னல்: ஒரே ஒலி, ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் வரும். தப்பான கேபிளால் கேமராவின் ஸ்டீரியோ துளையில் சொருகினால் நேரானது இடதுக்கும் தலைகீழானது வலதுக்கும் போய்விடும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன் இரண்டையும் கூட்டும், கூட்டினால் பூஜ்ஜியம். எந்த கன்வெர்ட்டரும் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஃபைலில் பிழையே இல்லை. ஒரு சேனலைத் தூக்கிவிட்டு மற்றதை இரு பக்கமும் போட்டால் தீர்ந்தது. அன்றிலிருந்து, அப்லோட் செய்வதற்கு முன் ஒரு முறையாவது மலிவான போனில் ஸ்பீக்கரில் கேட்டுவிடுகிறேன்.

யூடியூபில் ஏற்றிய பின்பு மட்டும் வீடியோ தடைபட்டால் அது ஃபார்மட் விஷயமே இல்லை. முகூர்த்தத்துக்குப் பின்னணியில் சினிமாப் பாட்டு போட்டிருப்பீர்கள். யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவுக்கு நேரே உள்ள காப்புரிமைக் குறிப்பைத் திறந்து பாருங்கள். பாட்டை மட்டும் மியூட் செய்யவோ மாற்றவோ அங்கேயே வழி இருக்கும்.

## "போகப் போக வாயும் பேச்சும் ஒட்டலை"

முதல் நிமிடத்தில் சரியாக இருந்து, அரை மணி நேரத்தில் நன்றாகவே விலகிவிட்டால், காரணம் மாறும் ஃபிரேம் வேகம். போன்களும் ஸ்கிரீன் ரெக்கார்டர்களும் நொடிக்கு 30 என்று சொல்லிக்கொண்டு, வெளிச்சம் குறைந்தாலோ சூடு ஏறினாலோ சில ஃபிரேம்களை விட்டுவிடும். ஃபைலுக்குள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேரம் குறிக்கப்பட்டிருப்பதால் பிளேயரில் சரியாக ஓடும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அந்த நேரக் குறிப்பை மதிக்காமல், ஃபிரேமை எண்ணி அடுக்கும்போதுதான் நழுவுகிறது. சின்னப் பிழையும் சேர்ந்து பெரிதாகும்: 29.97-ஐ 30 என்று எடுத்துக்கொண்டாலே ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி.

மீடியாஇன்ஃபோவில் 'ஃபிரேம் ரேட் மோட்' வரியில் 'வேரியபிள்' என்று இருந்தால் உறுதி. எடிட்டிங்குக்குக் கொண்டுபோகும் முன், ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பக்கத்தில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்று வைத்து ஒரு பிரதி எடுங்கள். இங்கே ரீஎன்கோட் தவிர்க்க முடியாது. தரத்தைக் காக்க ஆர்எஃப் எண்ணை 18 பக்கம் இறக்குங்கள். எண் குறைந்தால் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும்.

ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவு விலகல் என்றால் அது வேறு. ஒலியை அந்த அளவுக்கு நகர்த்தி வைத்தால் போதும்.

## "நம்ம வெப்சைட்ல போட்டேன், சுத்திக்கிட்டே இருக்கு"

யூடியூபில் ஏற்றினால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சொந்தத் தளத்தில் வைத்தால் எல்லாத் தலைவலியும் உங்களுடையது. இதை வரிசையாகப் பாருங்கள்.

எம்பி4-க்குள் 'மூவ்' என்றொரு பகுதி இருக்கிறது. எந்த ஃபிரேம் எங்கே கிடக்கிறது என்ற பொருளடக்கம் அது. பதிவு முடிந்த பிறகுதான் பொருளடக்கம் எழுத முடியும் என்பதால் பெரும்பாலும் ஃபைலின் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும். பிரௌசர் அதைத் தேடிக் கடைசி வரை போக வேண்டும். சர்வர் ஒத்துழைக்காவிட்டால் முழுதும் இறங்கிய பிறகுதான் முதல் காட்சி. பரிகாரம் 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்': எஃப்எஃப்எம்பெக்கில் காப்பி முறையோடு இந்தத் தேர்வைச் சேர்த்தால் பொருளடக்கத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். ஹேண்ட்பிரேக்கில் இதற்கு 'வெப் ஆப்டிமைஸ்டு' என்று பெயர், ஒரு டிக் போதும். யூடியூபே தன் அப்லோட் பரிந்துரையில் இதைக் கேட்கிறது.

அதன் பிறகும் குரோமில் ஓடி, ஐபோனில் மட்டும் ஓடவில்லை என்றால் சர்வரைப் பாருங்கள். சஃபாரி முதலில் ஃபைலின் முதல் இரண்டே பைட்டைக் கேட்டுப் பார்க்கும். கேட்டதை மட்டும் துண்டாகத் தரும் சர்வர் 206 என்று பதில் சொல்லும். முழு ஃபைலையும் தூக்கி 200 என்று நீட்டினால் சஃபாரி ஓட்ட மறுத்துவிடும். பிஎச்பி ஸ்கிரிப்ட் (சர்வரில் ஓடும் நிரல்) வழியாக வீடியோவைத் தரும் தளங்களில் இது அடிக்கடி நடக்கும். வீடியோவைச் சாதாரண ஃபைலாக ஒரு ஃபோல்டரில் வைத்து நேரடி முகவரி கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கூடவே, சர்வர் அனுப்பும் உள்ளடக்க வகை வீடியோ/எம்பி4 என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தானாக ஓட வேண்டிய முகப்பு வீடியோ ஓடவில்லை என்றால் ஒலியை மியூட் செய்யுங்கள். ஒலியோடு தானாக ஓடுவதை இன்றைய பிரௌசர்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. ஐபோனுக்கு 'பிளேஸ்இன்லைன்' என்ற சொல்லையும் பக்கத்தின் எச்டிஎம்எல்-ல் உள்ள வீடியோ டேகில் சேர்க்க வேண்டும். தளத்தில் ஏறவே இல்லை என்றால் பிஎச்பி-யின் அப்லோட் வரம்பு. அது இயல்பாக 2 எம்பி தான், ஹோஸ்டிங் பக்கத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு என் அபிப்பிராயம்: பத்து நிமிடத்துக்கு மேல் போகும் வீடியோவைச் சொந்தத் தளத்தில் வைக்காதீர்கள். யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆகப் போட்டு, தளத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கேற்ற அளவில் தருவதற்கு அவர்களிடம் சர்வர் இருக்கிறது, நம்மிடம் இல்லை.

## "பட்டுப்புடவை வெளுத்த மாதிரி தெரியுது"

ஐபோன் 12 முதல் கேமரா எச்டிஆர்-ல், அதாவது வெளிச்சத்தையும் வண்ணத்தையும் வழக்கத்தைவிட அதிக வீச்சில், எடுக்கிறது. போனின் பிரகாசமான திரையில் அரக்குச் சிவப்பு ஜொலிக்கும். அதைச் சாதாரண கணக்கில் எடிட் செய்து எக்ஸ்போர்ட் செய்தால் எல்லாம் சாம்பல் பூசியது போலவோ, முகம் வெந்தது போலவோ வரும். மீடியாஇன்ஃபோவில் 'பிடி.2020', 'எச்எல்ஜி' என்ற சொற்கள் இருந்தால் எச்டிஆர், 'பிடி.709' என்றால் சாதாரணம்.

வீட்டு விசேஷங்களுக்கு எச்டிஆர் வேண்டாம் என்பது என் கட்சி. செட்டிங்ஸ், கேமரா, 'ரெக்கார்ட் வீடியோ' என்று போய் 'எச்டிஆர் வீடியோ'வை அணைத்துவிடுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால், எடிட்டிங் மென்பொருளின் டைம்லைன் வண்ண அமைப்பை ரெக்.709 (பிடி.709-இன் இன்னொரு பெயர்) என்று வைத்து, எச்டிஆர் வீச்சைச் சாதாரண வீச்சுக்குள் அடக்கும் டோன்மேப் தேர்வை இயக்குங்கள். வெறுமனே கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். ஒரு காட்சியில் சரியாகி அடுத்ததில் கெடும்.

எச்டிஆர் இல்லாமலே லேசாக வெளுத்தால் வண்ண வீச்சுக் குழப்பம். வீடியோவில் வழக்கமாகக் கருப்பு 16-லும் வெள்ளை 235-லும் நிற்கும். கணினியில் 0-லிருந்து 255 வரை. எக்ஸ்போர்ட்டில் 'லிமிட்டெட்' என்று வையுங்கள்.

## "பழைய கல்யாண டிவிடி, ஆள் நகர்ந்தா சீப்பு மாதிரி கோடு"

இது எனக்குப் பிடித்த வேலை. அப்பா அம்மா கல்யாண டிவிடியைக் கொண்டுவந்து, அறுபதாம் கல்யாணத்துக்கு யூடியூபில் போட வேண்டும் என்பார்கள். உள்ளே விஓபி என்று முடியும் ஃபைல்கள் ஒவ்வொன்றும் ஒரு ஜிபி அளவில் துண்டு துண்டாக இருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுத்து கன்வெர்ட் செய்தால் தாலி கட்டும் இடத்தில் சரியாக வெட்டுப்படும். டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர் முழுவதையும் கணினியில் காப்பி செய்து, ஃபோல்டரையே ஹேண்ட்பிரேக்கில் திறங்கள். முழு வீடியோவாக எடுத்துக்கொள்ளும்.

நம் ஊர் டிவிடி 'பால்' (PAL) என்ற டிவி முறையில் 720-க்கு 576 அளவு, நொடிக்கு 25 ஃபிரேம். ஆனால் அந்த ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதிகளின் பின்னல்: ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணம், இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த கணம். பழைய குழாய் டிவிக்கு அது பொருந்தியது. இன்றைய திரையில் இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது கை வீசினால் சீப்புப் பல் தெரியும். ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர் பக்கத்தில் 'டீஇன்டர்லேஸ்' போட்டு, 'பாப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் 50 பாதிகளும் 50 ஃபிரேமாகி, அசைவு வழுக்கிக்கொண்டு போகும். வீடியோ பக்கத்தில் ஃபிரேம் வேகத்தையும் 50 என்று வையுங்கள்.

முகமெல்லாம் ஒடுங்கியோ அகலமாகவோ தெரிந்தால் பிக்ஸல் விகிதம் தவறு. 4:3 படம் என்றால் 768-க்கு 576 ஆக வர வேண்டும். யூடியூபுக்கு என்றால் இன்னும் ஒரு படி மேலே போய் 960-க்கு 720 ஆகப் பெரிதாக்கி ஏற்றுங்கள். யூடியூபில் 576 என்ற படியே இல்லை. அப்படியே ஏற்றினால் 480-க்கு இறக்கிவிடும். ஒரிஜினலே மங்கல், அதிலும் ஆறில் ஒரு பங்கு கோடுகளை இழப்பானேன்?

படம் முழுக்கப் பட்டைபட்டையாக நிழல் மேலும் கீழும் ஓடினால் அது பின்னல் கோளாறு அல்ல. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கேமராவின் ஷட்டர் அதோடு ஒத்துப்போகவில்லை. எடுக்கும்போதே ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்திருக்க வேண்டும். பிறகு எதைப் போட்டுக் கன்வெர்ட் செய்தாலும் போகாது.

## "படுத்துக்கிட்டு ஓடுது"

போன் படத்தை எப்போதும் ஒரே வாக்கில் பதிந்து, 'இதை 90 டிகிரி திருப்பிக் காட்டு' என்று ஒரு சீட்டு மட்டும் வைக்கும். சில மென்பொருள் சீட்டைப் படிக்காது. ஹேண்ட்பிரேக் படித்து, திருப்பியே சமைத்துத் தரும். செங்குத்து வீடியோவைச் செங்குத்தாகவே, 1080-க்கு 1920 ஆக, ஏற்றுங்கள். பக்கத்தில் கருப்புப் பட்டை சேர்த்து அகலமாக்க வேண்டாம். எக்ஸ்போர்ட்டே நின்று, அகலம் இரண்டால் வகுபடவில்லை என்று பிழை வந்தால், 1365 போன்ற ஒற்றைப்படை அளவைக் கொடுத்திருப்பீர்கள். 1364 ஆக்குங்கள்.

## "ஏத்தினதும் மங்கலா இருக்கு"

யூடியூபில் என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள். முதலில் குறைந்த தரம்தான் தயாராகும். எச்டி, 4கே எல்லாம் பின்னால் வரும். உடனே அழித்துத் திரும்ப ஏற்றினால் வரிசையில் மறுபடியும் முதலிலிருந்து நிற்பீர்கள்.

சில மணி நேரம் கழித்தும் மங்கல் என்றால் பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா அளவை, பாருங்கள். யூடியூபின் பரிந்துரை 1080பி-யில் 30 ஃபிரேமுக்கு நொடிக்கு 8 மெகாபிட், 60 ஃபிரேமுக்கு 12. 4கே என்றால் 35 முதல் 45. நொடிக்கு 8 மெகாபிட் என்பது நொடிக்கு 1 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கித்தான் அனுப்பும். 'டாக்குமெண்ட்' ஆக இணைத்தால் 2 ஜிபி வரை தொடாமல் போகும். மேலே சொன்ன கணக்கில் அது அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். முழுக் கல்யாணமும் வேண்டும் என்றால் பிட்ரேட்டைப் பாதியாக்குங்கள், ஒரு மணி நேரம் அடங்கும். தொடாமல் போவதில் ஒரு வில்லங்கமும் உண்டு: உள்ளே எச்.265 இருந்தால் அதுவும் அப்படியே போகும், கருப்புத் திரைப் புகார் திரும்பி வரும்.

## "தமிழ் சப்டைட்டில் குப்பையா வருது"

கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வந்தால், சப்டைட்டில் ஃபைலை நோட்பேடில் திறந்து 'சேவ் அஸ்' கொடுத்து என்கோடிங்கை (எழுத்துகளைச் சேமிக்கும் முறையை) யூடிஎஃப்-8 ஆக்குங்கள். ஆனால் ஏற்கெனவே தமிழ் தெரியாத 'ஆன்சி' முறையில் சேமித்திருந்தால் தமிழ் எழுத்து இருந்த இடத்தில் நிஜமாகவே கேள்விக்குறிதான் பதிவாகியிருக்கும். திரும்ப டைப் செய்ய வேண்டியதுதான். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால், டைப் செய்தவர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்த ஃபைலில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டியது எழுத்துரு. யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்தால் சரியாகும்.

சப்டைட்டில் ஃபைலில் எஸ்ஆர்டி, வெப்விடிடி என்று இரண்டு வகை உண்டு. யூடியூப் எஸ்ஆர்டி ஃபைலை ஏற்கும். பிரௌசரின் சொந்த பிளேயருக்கு வெப்விடிடி வேண்டும். இரண்டுக்கும் கண்ணில் படாத வித்தியாசம் ஒன்று: மில்லிநொடிக்கு முன்னால் எஸ்ஆர்டி-யில் காற்புள்ளி, வெப்விடிடி-யில் முற்றுப்புள்ளி. அதை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றினால் ஒரு வரியும் வராது.

படத்தின் மேலேயே எழுதும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், 'கொடி' உடைந்து தெரிந்தால், மென்பொருளுக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் பிரிஃபரென்சஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் எழுத்து எஞ்சினை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றிவிட்டு, மென்பொருளை மூடித் திறந்தால் கொம்பு தன் இடத்துக்கு வரும்.

## "ஃபைல் இருக்கு, ஆனா திறக்கவே இல்லை"

பேட்டரி தீர்ந்து கேமரா பாதியில் அணைந்தது, அல்லது ஸ்கிரீன் ரெக்கார்டிங் நடக்கும்போது கரண்ட் போனது. ஃபைல் 3 ஜிபி இருக்கிறது. எந்த பிளேயரும் திறக்கவில்லை. எஃப்எஃப்எம்பெக்கிடம் கேட்டால் 'மூவ்' காணவில்லை என்கிறது. மேலே சொன்ன பொருளடக்கம்தான். அதை எழுதும் முன்பே உயிர் போய்விட்டது. பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன, எது எங்கே என்று சொல்ல ஆளில்லை.

முதல் வேலை, அந்த மெமரி கார்டில் மேற்கொண்டு எதையும் பதியாமல் எடுத்து வைப்பது. கார்டில் இருப்பதைக் கணினிக்குக் காப்பி செய்துவிட்டு, காப்பியில் மட்டும் வேலை பாருங்கள். 'அன்டிரங்க்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கேட்கும். அதைப் பார்த்துப் பொருளடக்கத்தைத் திரும்பக் கட்டும். நல்ல ஃபைல் இல்லையென்றால் கேமராவை அதே செட்டிங்கில் வைத்து, வேறு கார்டில் ஒரு நிமிடம் சுவரை எடுத்தாலும் போதும். எனக்கு மூன்று முறை கைகொடுத்திருக்கிறது, ஒரு முறை ஒலி மட்டும் திரும்பவில்லை.

ஓபிஎஸ் என்ற இலவச ஸ்கிரீன் ரெக்கார்டரில் பதிவு செய்பவர்கள் எம்கேவி-யில் பதியுங்கள். பாதியில் நின்றாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுத்தால் எம்பி4 ஆகிவிடும்.

ஒரே நிகழ்ச்சி நான்கு ஃபைலாக வந்திருந்தால் பயப்பட வேண்டாம், எதுவும் கெடவில்லை. 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்ட முடியாது என்பதால் கேமரா தானே வெட்டி வைக்கிறது. நான்கையும் லாஸ்லெஸ்கட்டில் போட்டு 'மெர்ஜ்' கொடுங்கள். வரிசை எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை பாருங்கள். ஒரு தடவை நான் பார்க்கவில்லை, பந்தி முடிந்த பிறகு மாப்பிள்ளை அழைப்பு வந்தது.